மறதிக்கு வாங்கிய ஏச்சு

அக்டோபர் 6, திங்கள்

வெக்கை. மலைப் பக்கம் மேகம் கூடுகிறது, கலைகிறது. மழை மட்டும் இல்லை. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று.

செய்ய வேண்டியவை: பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் கொடுக்க. மிக்ஸி ஜாரை ரிப்பேருக்குப் போட. பிரஷர் மாத்திரை. நாளைக்கு டயா., பை எடுத்து வைக்க. (டயாலிசிஸ் என்று முழுசாக எழுத அலுத்துப்போய் நான்கு வருடமாக டயா. தான்.)

தாளைக் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மகேஸ்வரி எழுந்து வந்தாள்.

"டீச்சர், கூட்டல் தப்பா இருக்கு."

பார்த்தேன். 71 வர வேண்டும். 61 போட்டிருக்கிறேன். சரி, ஒன்று. திருத்திக் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். மணி அடிப்பதற்குள் ஆறு தாள். ஒன்றில் கடைசிப் பக்கத்தைத் திருத்தவே இல்லை. இருபத்து நான்கு வருடமாகக் கணக்கு டீச்சர் நான். கூட்டலில்!

போகட்டும் என்று திரும்பிக் கரும்பலகையில் ஓர் இருபடிச் சமன்பாடு போட்டேன். மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். சாக்பீஸ் கையில். அடுத்த வரி தெரியாமல் இல்லை. தெரியும். வரவில்லை. நாற்பது பெண்பிள்ளைகளும் மூன்று வரியையும் எழுதி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல், மெதுவாகத்தான்:

"இன்னைக்கும் நின்னுட்டாங்க பாரு."

இன்னைக்குமா? அப்படியென்றால் முன்னாலும் நின்றிருக்கிறேனா? எத்தனை தடவை? எனக்கு ஏன் தெரியவில்லை?

தலைவலி என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். தலை வலிக்கவே இல்லை.

மிக்ஸி ஜார் கடைக்குப் போகவில்லை. மறந்துவிட்டேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

காலையில் நான்கு பீரியட். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். செவ்வாய், வியாழன், சனி, மதியம் ஒன்றரைக்கு டயா. எட்டு படுக்கை. எனக்கு மூன்றாவது. நான்காவதில் மம்சாபுரத்து ராமையா. அறுபதைத் தாண்டியவர். காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். சுகர் வந்து, அது கிட்னியைத் தின்று, இரண்டு வருடமாக எனக்குப் பக்கத்துப் படுக்கை. அதிகம் பேச மாட்டார். என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கப் பார்ப்பார்.

இன்று அவரை எடை மிஷினில் ஏற்றிய டெக்னீஷியன் செல்வம் ஒரு சத்தம் போட்டான். எங்கள் எல்லோருக்குமே ஒரு டயாவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறும் எடை தண்ணீர்தான். சிறுநீர் போகாது; குடித்ததெல்லாம் உடம்பிலேயே நிற்கும். இரண்டு கிலோவுக்குள் இருந்தால் நல்லது. ராமையாவுக்கு ஐந்து.

"எம்புட்டுத் தடவதான் சொல்றது பெரியவரே? கொடத்தோட கவுத்துட்டு வந்தீரா?"

"நான் குடிக்கலய்யா. நாக்க நனைச்சதோட சரி."

"பொய்யி வேற. அப்ப இந்த மிஷினு பொய் சொல்லுதா? சொன்னா கேக்கணும். ஒம்ம மாதிரி ஆளுகளுக்கு எதுக்கு வைத்தியம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ராமையா சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி பேச்சியம்மாள் வாசலில் பையோடு, தலை நிமிரவில்லை. அறுபது வயது ஆளை இப்படியா பேசுவது? ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

அக்டோபர் 8, புதன்

மேகமூட்டம். பால்காரர் வரவில்லை.

முதல் பீரியடுக்கு முன்னாலேயே ஹெ.எம். கூப்பிட்டு அனுப்பினார். கதவைச் சாத்தச் சொன்னார். டீ சொன்னார். டீ சொன்னபோதே தெரிந்தது.

"ரெங்கநாயகி டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. பேரண்ட்ஸ் கேக்காங்க. பத்தாவது, பப்ளிக் எக்ஸாம். ஒடம்ப வச்சுக்கிட்டு நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்? ரெஸ்ட் எடுங்களேன்."

"என் ஒடம்பு நாலு வருசமா இப்படித்தான் மேடம் இருக்கு. போன வருசம் என் கிளாஸ்ல ஒருத்தி பெயில் ஆகல."

"போன வருசம் சரி. இப்ப கூட்டலே..."

முடிக்கவில்லை. மரியாதையாம். மரியாதையாக ஒருவரை வெளியே அனுப்ப முடியும் என்று நினைக்கிறார். டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். (எனக்கு டீ அளவுதான் என்பதுகூட நான்கு வருடத்தில் அவருக்குத் தெரியவில்லை.)

மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். மில்லில் ஸ்டோர் கீப்பர். எதையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டால் போதும் இவருக்கு.

"விடு ரெங்கா. அவிய சொல்லுததும் சரிதான? வீட்ல இரு. நானா ஒன்ன வேலைக்குப் போகச் சொன்னேன்?"

வெங்காயம் நறுக்கினேன். ஆத்திரத்தில் நாலு வெங்காயம். குழம்புக்கு ஒன்று போதும்.

உண்மையை எழுதி வைக்கிறேன். இந்த நோட்டை யாரும் பார்க்கப் போவதில்லை. ஆடி மாதத்திலிருந்து:

பால் மூன்று முறை பொங்கி வழிந்தது.
பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனது இரண்டு முறை.
இவர் தம்பி பெயர் வரவில்லை. அவர் எதிரிலேயே. "வாங்க, வாங்க" என்று சமாளித்தேன்.
சட்டினிக்கு உப்பு இரண்டு தடவை. எனக்கு உப்பே ஆகாது.
ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நடுவில் வார்த்தை கிடைப்பதில்லை. இவர் எடுத்துக் கொடுப்பார். கொடுப்பது தப்பான வார்த்தை. அதையே ஏற்றுக்கொண்டு பேசியிருக்கிறேன்.

பைத்தியம் பிடிக்கிறதா? இதை எழுதும்போது நன்றாகத்தானே இருக்கிறேன். புதன்கிழமை காலைகளில் நன்றாகத்தான் இருக்கிறது. டயா. முடிந்து வரும் மாலைகளில் என் பெயரைக் கேட்டாலே யோசிக்க வேண்டியிருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமோ?

அக்டோபர் 9, வியாழன்

இரண்டாவது படுக்கை ஆட்டோ கண்ணன். நாற்பது வயதுதான். வாய் ஓயாத ஆள். கொஞ்ச நாளாக அதுவும் இல்லை. மிஷின் ஓட ஆரம்பித்ததும் அவன் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காமல் கேட்டேன்.

"கண்ணா, ஒனக்கு மறதி வருதா?"

செல்வம் எங்கே நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டு சொன்னான்:

"வெளிய சொல்லிராதீய டீச்சர். போன மாசம் ரத வீதியில வண்டிய நிறுத்திட்டேன். ஏத்தின ஆளு பஸ் ஸ்டாண்டுக்குங்காரு. இருவது வருசமா ஓட்டுத ஊரு. எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியல. வண்டி மக்கர் பண்ணுதுன்னு சொல்லி எறக்கி விட்டுட்டேன்."

"வீட்ல தெரியுமா?"

"தெரிஞ்சா சாவிய வாங்கி வச்சுருவா. பொறவு நான் என்ன மனுசன்?"

ஐந்தாவது படுக்கையில் பூக்கட்டும் அம்மா. எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கிறது. தானாகவே சொன்னார். கட்டிக்கொண்டே இருப்பாராம், மருக்கொழுந்து வைக்க வேண்டிய இடத்தில் கை நின்றுவிடுமாம். மருமகள் பார்த்துச் சிரிக்கிறாளாம். "எனக்கு மட்டுந்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். ஏழாவதில் இருக்கிற ரிட்டயர்டு ஏட்டு கண்ணை மூடியபடியே சொன்னார்: "எனக்கு மகன் போன் நம்பர் போச்சு."

எட்டில் நான்கு பேர். நான் கேட்காதவர்களை விட்டுவிட்டு. ஒவ்வொருவரும் நான் மட்டும்தான் என்று பொத்தி வைத்துக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் படுத்திருக்கிறோம். எடை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், மாதம் தவறாமல் பொட்டாசியம், பாஸ்பரஸ், ரத்த அளவு என்று எதையும் விடுவதில்லை. எவராவது ஒருவர், நான்கு வருடத்தில் ஒரு தடவை, "ஞாபகம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்களா? சனிக்கிழமை மதுரையிலிருந்து பெரிய டாக்டர் வருகிறார். கேட்கப் போகிறேன். மறக்காமல் கையில் எழுதிக்கொண்டேன். பேனாவால், பிஸ்டுலா (டயாவுக்கு ஊசி குத்த ரத்தக் குழாயை இணைத்த இடம்) இல்லாத கையில்.

ராமையாவுக்கு இன்றும் நாலரைக் கிலோ. இன்றும் ஏச்சு.

அக்டோபர் 11, சனி

விடியலில் தூறல். காயப்போட்ட துணி எல்லாம் போச்சு.

பெரிய டாக்டர் வந்தார். ஒவ்வொரு படுக்கைக்கும் இரண்டு நிமிடம். ரிப்போர்ட்டைப் புரட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லாருக்கீங்க. ஹீமோகுளோபின்தான் கொறவு. ஊசி போட்டுக்கலாம்."

"சார், எனக்கு ஞாபகம் குறையுது. கணக்கு வரமாட்டேங்குது. இது கிட்னியாலயா?"

"வயசாகுதுல்ல டீச்சர்."

"நாற்பத்தொன்பது சார்."

"டென்ஷன் இருக்கும். தூக்கம் வருதா? ஒரு மாத்திரை எழுதுறேன்."

"எனக்கு மட்டும் இல்ல சார், இங்க நாலு பேருக்கு..." என்றபோது அவர் நான்காவது படுக்கைக்குப் போயிருந்தார். படுக்கை காலி. "எங்க இவரு?"

"வரல சார்," என்றான் செல்வம். "சொன்னா கேக்குற ஆளு இல்ல சார் அவரு."

சீட்டில் தூக்க மாத்திரை. இருபத்து நான்கு வருடம் வகுப்பெடுத்தவளுக்குப் பதில் சொல்ல இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை! பின்னால் டியூட்டி டாக்டர் நிவேதா நின்றுகொண்டிருந்தாள். சின்ன வயது, வந்து மூன்று மாதம். என்னையே பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. அவள் மேலும் கோபம்.

ராமையா ஏன் வரவில்லை? செல்வத்திடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவ்வளவு தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு டயாவை விட்டால் என்ன ஆகும் என்று இங்கே படுத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். நுரையீரலில் ஏறும்.

அக்டோபர் 12, ஞாயிறு

எழுத நிறைய. ஆத்திரம் அடங்கவில்லை.

காலையில் இவரிடம் மம்சாபுரம் போக வேண்டும் என்றேன்.

"ஒனக்கு எதுக்கு இந்த வேல? ஒன் ஒடம்பையே நான் தாங்கிக்கிட்டு இருக்கேன்."

"வண்டி எடுக்கீங்களா, நான் பஸ்ல போகட்டா?"

எடுத்தார்.

பத்தரை மணிக்கு ராமையா வீடு. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகம் ஊதி, காலும் ஊதி. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். "வாங்க டீச்சரம்மா" என்பதற்குள் மூச்சு வாங்கியது.

பேச்சியம்மாள் சொன்னது: நேற்று அவள் களையெடுக்கப் போயிருக்கிறாள். ராமையா தனியாகவே பஸ் ஏறியிருக்கிறார். சாயங்காலம் வந்து, டயாலிசிஸ் ஆயிற்று என்று சொல்லியிருக்கிறார். இவளும் நம்பிச் சோறு போட்டிருக்கிறாள்.

"காலையில பாக்கேன், கையில ஊசி குத்தின எடத்துல பிளாஸ்திரி இல்ல டீச்சரம்மா. அப்ப எங்கதான் போனாரு? கேட்டா, போனேன் போனேங்காரு. ஆஸ்பத்திரியிலயும் பொய்யி, வீட்லயும் பொய்யி."

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ராமையா எழுந்து, தெருக் குழாயடிக்குப் போய் ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். வந்து உட்கார்ந்தார். எங்கள் பள்ளியில் மழை பெய்ததா என்று கேட்டார். ஐந்து நிமிடம் இருக்கும். மறுபடி எழுந்தார். குழாயடி. டம்ளர்.

"அய்யா, இப்பத்தான குடிச்சீக?"

"யாரு, நானா? காலையில இருந்து நாக்குல தண்ணி படல டீச்சரம்மா. இவ கொடத்த உள்ள வச்சுப் பூட்டிருதா."

அந்த முகத்தைப் பார்த்தேன். பொய் சொல்லும் முகத்தை எனக்குத் தெரியும். இருபத்து நான்கு வருடமாக வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவள். கண் கொஞ்சம் முன்னதாகவே தயாராகும். இந்த முகத்தில் அது இல்லை. அவருக்கு அந்த டம்ளர் நடக்கவே இல்லை. நாக்கு வறண்டிருக்கிறது, குடிக்கவில்லை என்று உடம்பு சொல்கிறது, அதை நம்புகிறார். நேற்றைய டயாவும் அப்படித்தான். போன சனிக்கிழமை போனது இந்தச் சனிக்கிழமையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

"பேச்சியம்மா, அவரு பொய் சொல்லல. அவருக்கு மறந்துருது. இது நோயி."

அவள் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவர் வலது கையை இழுத்துப் புறங்கையைக் காட்டினாள். கன்றிப்போன தழும்பு.

"வேணும்னே குடிக்காருன்னு நெனச்சு சொம்பாலயே அடிச்சுட்டேன் டீச்சரம்மா. ஊசி போடுத கையில படலயேன்னு அப்பச் சந்தோசப்பட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ராமையா, "ஏட்டி, எதுக்கு அழுவுத?" என்கிறார். அவருக்கு அதுவும் நினைவில்லை.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவருக்கு உட்கார்ந்தே மூச்சு முட்டியது. இவர் (நான் வாய் திறக்கும் முன்பே, அதை எழுத வேண்டும்) தெருமுனைக்கு ஓடி ஒரு வேன் பிடித்து வந்தார். ராமையாவின் ஒரு தோளை இவரே தாங்கினார்.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஞாயிறு என்பதால் செல்வத்தை வீட்டிலிருந்து வரவழைத்தார்கள். வந்தவன், வரும்போதே:

"நான் சொன்னேன்ல? கேக்க மாட்டாருன்னு சொன்னேன்ல? ஞாயித்துக்கிழமகூட மனுசன..."

"செல்வம், நிறுத்துங்க."

என் வகுப்புக் குரல். எனக்கே ஆச்சரியம், அது இன்னும் இருக்கிறது. வராந்தாவில் எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரு கேக்காம இல்ல. கேட்டது நிக்கல. என் கண்ணு முன்னால குடிச்சாரு, அஞ்சு நிமிசத்துல குடிக்கலன்னாரு. அது பொய்யில்ல. ரெண்டு வருசமா நீங்க எல்லாரும் அவர எட்டு பேரு முன்னால நிக்க வச்சு ஏசிருக்கீங்க. கேட்டுக்கிட்டு நானும் படுத்திருந்தேன். அவரு மண்டையில என்ன நடக்குதுன்னு ஒருத்தர் பாத்தீங்களா? எனக்கும் அதேதான் வருது. கூட்டல் வரல. இதோ நிக்கேன், எனக்குப் பதில் சொல்லுங்க."

செல்வம் கையுறையை மாட்டிக்கொண்டு மிஷினைத் தயார் செய்யப் போனான். கை வேகம் குறையவில்லை, வேலை தெரிந்தவன். டியூட்டி டாக்டர் நிவேதா ராமையாவின் படுக்கையருகே நின்றபடி, "டீச்சர், அந்த அஞ்சு நிமிஷத்தை எனக்கு மறுபடி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணிக்கு ராமையா மல்லாந்து படுக்க முடிந்தது. திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் கேட்டார்:

"நீ வார்த்தை கெடைக்காம நிக்கும்போது நான் எடுத்துக் குடுத்திருக்கேன்லா. அது தப்பான வார்த்தையா?"

"பாதி நேரம்."

"சொல்லிருக்கலாம்ல?"

அக்டோபர் 13, திங்கள்

பள்ளிக்கு லீவு. உடம்பெல்லாம் வலி. படுத்தே கிடந்தேன்.

ஒரு பழைய மாணவியின் நினைவு. ஒன்பதாம் வகுப்பு, வாய்ப்பாடு தங்கவே தங்காது. ஒரு வருடம் முழுக்க அவளை நிற்கவைத்தே பாடம் நடத்தினேன். "சொன்னா மண்டையில ஏறாதா?" என்று கேட்டது என் வாய்தான். செல்வத்தின் மேல் பாய்ந்துவிட்டு வந்தவள் நான். அவளுக்கு என்ன இருந்ததோ. யார் பார்த்தோம்?

மிக்ஸி ஜாரை இவர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 14, செவ்வாய்

நல்ல மழை. பஸ்ஸுக்குள்ளும் மழை.

டயா. தொடங்கும் முன்னால் நிவேதா டாக்டர் ஒரு பேடும் பேனாவுமாக வந்தாள். மிஷினில் போட்ட பிறகு பார்த்தால் சரியாக வராதாம். அப்போது எல்லோருக்குமே மந்தமாக இருக்குமாம். முதலில் என்னிடம். ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாள். கடிகாரம் வரையச் சொன்னாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். கணக்கு டீச்சரிடம்! 93, 86, 79... அடுத்ததற்கு நேரம் எடுத்தது. வந்தது. கடிகாரம் சரி. ஐந்து வார்த்தையில் இரண்டு வரவில்லை. எவ்வளவு தேடினாலும் வரவில்லை.

"என்னது இது?" என்றேன். "மழுப்பாமச் சொல்லுங்க."

சொன்னாள். கிட்னியில் இருக்கும் பொடிப்பொடி ரத்தக் குழாய் மாதிரியேதான் மூளையிலும். பிரஷரும் சுகரும் ஒன்றைக் கெடுக்கும்போது மற்றதையும் கெடுக்கும். கழிவு ரத்தத்தில் தங்குவதும் மூளையை மந்தமாக்கும். மிஷினில் இருக்கும்போது பிரஷர் இறங்கினால் அந்த நேரம் மூளைக்கு ரத்தம் குறையும். ரத்தசோகை வேறு. கிட்னி நோயாளிகளுக்கு இது வருவது அபூர்வமில்லை, நிறையப் பேருக்கு வரும் என்றாள்.

"திரும்ப வருமா?"

"எல்லாம் வராது டீச்சர். சிலது சரி பண்ணலாம். ரத்தத்தக் கூட்டணும். மிஷின்ல பிரஷர் எறங்காமப் பாக்கணும். அந்தத் தூக்க மாத்திரை வேண்டாம், மறதி அதிகமாகும். பெரிய டாக்டர்கிட்ட பேசிட்டேன், நிறுத்தச் சொல்லிட்டார். மீதிக்கு எழுதி வைக்கிறது, கூட ஒருத்தர் சரிபாக்கிறது, இப்படித்தான்."

"இவ்வளவு தெரியும்ல? அப்ப நாலு வருசத்துல ஏன் ஒருத்தரும் சொல்லல? சனிக்கிழமை பின்னால நின்னீங்களே, அப்ப ஏன் வாயத் திறக்கல?"

முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. "பயம் டீச்சர்" என்றாள். "அதுக்கு முன்னாடி, கேக்கணும்னே தோணல. படிச்சதுதான். தோணல."

சால்ஜாப்பு சொல்லாமல் சொன்னாளே என்பதற்காக விட்டேன். கோபம் போகவில்லை. வயசு, டென்ஷன், அலட்சியம், பொய் என்று எத்தனை பெயர் வைத்தார்கள்! இதற்குச் சொந்தப் பெயர் இருந்திருக்கிறது. அதை எங்களிடமிருந்து ஒளிக்கக்கூட இல்லை, சொல்லத் தோன்றவில்லையாம்.

கண்ணன் கடிகாரம் வரைய மறுத்துவிட்டான். "வரஞ்சு தப்பாப் போனா வண்டிய நிறுத்தச் சொல்லுவீங்க." நிவேதா, "டயாலிசிஸ் முடிஞ்ச அன்னைக்காவது ஓட்டாதீங்க, மத்த நாளப் பத்தி உங்க வீட்டம்மாவையும் வச்சுப் பேசுவோம்" என்றாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவனைக் குற்றம் சொல்ல என்னால் முடியாது. ஆனால் ஆட்டோவில் ஏறுகிறவர்கள்? அதையும் அவனிடம் சொன்னேன்.

ராமையா இன்னும் வார்டில். மூச்சு சீராகிவிட்டது.

அக்டோபர் 15, புதன்

மழை வெறித்துவிட்டது. புதன் காலை, தலை தெளிவு. அதனால்தான் இன்றைக்கு என்று வைத்துக்கொண்டேன்.

ஹெ.எம். அறை. இந்தத் தடவை கதவை நான் சாத்தினேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததை மேசையில் வைத்துவிட்டு, என்ன நோய், எப்போது வரும், எப்போது தெளிவாக இருக்கும் எல்லாம் சொன்னேன். ராஜினாமா என்று எதிர்பார்த்திருப்பார்.

"பத்தாவதை நானே விட்டுத் தாரேன் மேடம். நீங்க எடுக்கல, நான் தாரேன். என் ரோசத்துக்காக அந்தப் பிள்ளைகள் மார்க்கப் பணயம் வைக்க மாட்டேன். எட்டாவது எனக்கு வேணும். நான் திருத்துற தாளை இன்னொரு டீச்சர் கூட்டிப் பாக்கணும். டயாலிசிஸ் நாள்ல முதல் ரெண்டு பீரியட் மட்டும். இவ்வளவுதான்."

"இதெல்லாம் மேனேஜ்மென்ட் ஒத்துக்கணும் டீச்சர்..."

"கண்ணு தெரியாட்டி கண்ணாடி போட்டுட்டு வரச் சொல்லுவீங்க. வீட்டுக்குப் போன்னா சொல்வீங்க?"

டைம்டேபிளை எடுத்துப் பார்த்தார். "எட்டாவது பி" என்றார் கடைசியில். "பாப்போம். அரையாண்டு வரைக்கும்."

அரையாண்டு வரைக்கும்! எனக்குப் பரீட்சை வைக்கிறாராம். வைக்கட்டும்.

பத்தாம் வகுப்புக்குப் போய் நானே சொன்னேன். கிட்னி நோய், அது மூளையைத் தொடுகிறது, அதனால்தான் போர்டில் நின்றேன், தலைவலி என்றது பொய். மகேஸ்வரி அழுதாள். கடைசி பெஞ்சைப் பார்க்காமல்தான் பேசினேன். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நானும் அழுதேன், அந்த வகுப்பை இழந்ததற்கு. இதையெல்லாம் தைரியம் என்று எவராவது சொன்னால் அடிப்பேன்.

அக்டோபர் 16, வியாழன்

தீபாவளிக் கூட்டம். பஸ்ஸில் நின்றேன். யாரோ கொடுத்த பால்கோவா பையில் இருக்கிறது, எனக்காகாது, இவருக்கு.

நான்காவது படுக்கைக்கு ராமையா வந்துவிட்டார். இளைத்துப்போய். பேச்சியம்மாள் கூடவே, வேலைக்குப் போகவில்லை. நாள் முழுவதற்குமான தண்ணீரையும் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி அவர் கண்ணெதிரே வைத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். குடித்தோமா என்பதை அவர் நினைவு வைத்திருக்க வேண்டாம், பாட்டில் சொல்லும். குழாயடியில் இருக்கிற வீட்டுக்காரர்களிடமும் பேச்சியம்மாள் போய்ச் சொல்லியிருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலைக் காட்டினாள்.

ராமையாவுக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவே இல்லை. "டீச்சரம்மா, நம்ம வீட்டுக்கு ஒரு நாளைக்கி வாங்களேன்" என்றார்.

வருகிறேன் என்றேன்.

செல்வம் அவரை எடை மிஷினில் ஏற்றினான். இரண்டரை. எழுதினான். வழக்கமாக அடுத்து ஊசிதான். இன்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். புதிதாக ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே, தரையிடம் பேசுகிறவன் மாதிரி:

"பெரியவரே, இன்னைக்கு என்ன கெழம?"

ராமையா சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்யா. தப்பாச் சொன்னா ஏசுவீரு."

எல்லாப் படுக்கையும் கேட்டுக்கொண்டிருந்தது. செல்வத்துக்குக் காது வரை சிவந்தது.

"ஏச மாட்டேன்."

ராமையா வெகுநேரம் யோசித்தார். உதடு அசைந்தது. "புதன்" என்றார்.

"வியாழன்," என்றான் செல்வம். தாளில் எழுதிக்கொண்டான். கையை மெதுவாகத் திருப்பி ஊசிக்குத் துடைத்தான். "நாளைக்கழிச்சு சனி. அன்னைக்கு வரணும். நான் காலையில போன் போடுதேன்."

இவ்வளவுதான் வேலை. மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம். இரண்டு வருடமாக அந்த ஒரு நிமிடம் யாரிடமும் இல்லை.